பறவைத் தட்டில் நீர் குறையும்போது

மே 4 தொடங்கி 28 வரை என்று நாம் கணக்கிடும் கத்திரி வெயிலில், எங்கள் திருச்சிப் பகுதியில் முற்பகல் 11 மணிக்கு மேல் தெருவில் மனித நடமாட்டம் அடங்கிவிடும். வீட்டுக்குள் இருப்போர் மின்விசிறியின் கீழ் மோர் அருந்திப் பொழுதைக் கழிப்பர். அந்நேரத்தில் கொல்லைப்புறம் சென்று பார்த்தால், வேப்பமரத்தின் தாழ்ந்த கிளையில் மைனாக்கள் அலகைப் பிளந்தவாறு அமர்ந்திருப்பதைக் காணலாம். பறவைகளுக்கு வியர்வைச் சுரப்பிகள் கிடையா. வாயைத் திறந்து வேகமாக மூச்சு வாங்கித்தான் அவை உடற்சூட்டைத் தணித்துக்கொள்கின்றன. ஒவ்வொரு மூச்சிலும் உடலின் நீர் ஆவியாகி வெளியேறுகிறது. இழந்த நீரை மீண்டும் பெற அவை எங்கே செல்லும்? ஊரில் குளங்கள் வற்றிக் கிடக்கும் காலம் அது. சாக்கடையும் நாம் வைக்கும் தட்டுமே மீதி.

எங்கள் இல்லத்தில் அந்தத் தட்டு என் தந்தையாரின் பொறுப்பு. பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது வயது 81. செங்கற்களை அடுக்கி இடுப்பளவு உயரத்தில் ஒரு மேடை கட்டி, அதன்மேல் 40 சென்டிமீட்டர் அகலமுள்ள மண் தட்டை வைத்தவர் அவரே. மறைவிலிருந்து பூனை பாயாதபடி புதர்களை விட்டு விலகியும், மர நிழல் படும்படியும் இடம் தேர்ந்தார். தட்டின் ஆழம் 5 சென்டிமீட்டருக்கு மேல் இல்லை. அதிலும் ஓரிரு கூழாங்கற்களைப் போட்டு வைத்திருக்கிறார். சிறு குருவிகள் அவற்றின்மேல் நின்று நீர் அருந்தும். தவறி விழுந்த தேனீயும் ஏறிப் பிழைக்கும்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அவருடைய பார்வை மிகவும் மங்கிவிட்டது. தட்டில் நீர் இருக்கிறதா இல்லையா என்பது அவர் கண்ணுக்குப் புலப்படவில்லை. ஆகவே நடந்து சென்று விரலைத் தட்டில் விட்டுப் பார்ப்பார். காய்ந்திருந்தால் திரும்பி வந்து செம்பில் நீர் கொண்டு செல்வார். நீர் இருந்தாலும் மனம் அமைதி கொள்ளாது. ஒரு மணி நேரத்தில் மீண்டும் எழுந்துவிடுவார். கோடையில் நாளொன்றுக்கு ஐந்தாறு முறை, அந்த வெயிலில், கைத்தடியுடன் இருபது எட்டு போவதும் வருவதுமாக இருந்தார். ஒரு நாள் ஈரத்தரையில் கால் வழுக்கி, நல்லவேளையாகத் துவைக்கும் கல்லைப் பற்றிக்கொண்டார். “இனிமேல் நானே பார்த்துக்கொள்கிறேன் மாமா, நீங்கள் போக வேண்டாம்” என்றாள் என் மனைவி. அவர் மறுமொழி கூறவில்லை. அன்று மாலை காப்பியும் வேண்டாம் என்றுவிட்டார்.

எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகள்தான் வழி சொன்னாள். “தண்ணீர் குறைந்தால் தாத்தாவுக்கு மணி அடித்துச் சொல்லும்படி செய்ய முடியாதா அப்பா?” என்று கேட்டாள். இளமையில் நான் ரேடியோ பெட்டிகளைப் பிரித்துப் பழகியவன். முடியும் என்று கூறிவிட்டேன். நாங்கள் செய்த கருவி மிக எளியது. பொருள்கள் அனைத்தும், பேட்டரி நீங்கலாக, நூறு ரூபாயைத் தாண்டா. கோடை விடுமுறையில் பெற்றோரும் பிள்ளைகளும் ஓர் ஞாயிறு பிற்பகலில் செய்து முடிக்கலாம் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

தேவையானவை: பி.சி. 547 என்னும் டிரான்சிஸ்டர்கள் இரண்டு, 100 கிலோ ஓம், 220 கிலோ ஓம், 22 கிலோ ஓம் அளவுள்ள ரெசிஸ்டர்கள் வகைக்கு ஒன்று, 3 வோல்ட் முதல் 24 வோல்ட் வரை இயங்கும் பீசோ பஸ்ஸர் ஒன்று, பென்சில் பேட்டரி மூன்றும் அவற்றைப் பொருத்தும் கூடும், ஒரு சுவிட்ச், துளையிட்ட பலகைத் துண்டு, எவர்சில்வர் திருகாணிகள் இரண்டு, மரைகளுடன். பஸ்ஸர் வாங்கும்போது பேட்டரியில் தொட்டவுடன் தானே ஒலிக்கும் வகையைக் கேட்டு வாங்க வேண்டும். வெறும் பித்தளை வில்லையாக விற்பது தானே ஒலிக்காது.

ரெசிஸ்டர்களை அவற்றின்மீதுள்ள வண்ண வளையங்களால் அறியலாம். பழுப்பு, கறுப்பு, மஞ்சள் என்றிருப்பது 100 கிலோ ஓம். சிவப்பு, சிவப்பு, மஞ்சள் என்பது 220. சிவப்பு, சிவப்பு, ஆரஞ்சு என்பது 22. நான்காவதாக உள்ள பொன்னிற வளையம் இதில் கணக்கில்லை. பின்னிரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும். நாங்கள் முதலில் அவற்றை மாற்றிப் பொருத்திவிட்டு, பஸ்ஸர் ஈனக்குரலில் முனகுவதன் காரணம் புரியாமல் அரை மணி நேரம் விழித்தோம்.

டிரான்சிஸ்டரின் மூன்று கால்களைப் பள்ளிப் பாடநூல் ஏற்பான், அடிவாய், உமிழ்ப்பான் என்று கூறும். கடையில் அவை கலெக்டர், பேஸ், எமிட்டர். பி.சி. 547-இன் தட்டையான முகம் நம்மை நோக்கியும் கால்கள் கீழ்நோக்கியும் இருக்கும்படி பிடித்தால், இடமிருந்து வலமாக அவை இதே வரிசையில் அமையும்.

இனி இணைப்புகள். வசதிக்காக ஒரு டிரான்சிஸ்டரை மூத்தவன் என்றும் மற்றதை இளையவன் என்றும் அழைப்போம். இருவருடைய எமிட்டர்களையும் பேட்டரியின் எதிர்முனையுடன் இணைக்க வேண்டும். பேட்டரியின் நேர்முனையிலிருந்து சுவிட்ச் வழியாக வரும் கம்பி மூன்று இடங்களுக்குச் செல்கிறது: தட்டில் இறங்கும் நீண்ட திருகாணிக்கு ஒன்று, பஸ்ஸரின் நேர்க்காலுக்கு ஒன்று, 22 கிலோ ஓம் ரெசிஸ்டரின் ஒரு முனைக்கு ஒன்று. அந்த ரெசிஸ்டரின் மறுமுனை மூத்தவனின் கலெக்டரையும் இளையவனின் பேஸையும் ஒருங்கே தொட வேண்டும். பஸ்ஸரின் எதிர்க்கால் இளையவனின் கலெக்டருக்குச் செல்லும். தட்டில் இறங்கும் குட்டைத் திருகாணியிலிருந்து வரும் கம்பி 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக மூத்தவனின் பேஸை அடையும். இறுதியாக, அதே பேஸுக்கும் எதிர்முனைக்கும் இடையே 220 கிலோ ஓம் ரெசிஸ்டர். அவ்வளவே.

இது இயங்கும் விதம் குடும்பத்தில் நாம் காண்பதுதான். தட்டில் நீர் உள்ளவரை, நீண்ட திருகாணியிலிருந்து குட்டைத் திருகாணிக்கு நீரின் வழியே மிகச் சிறிய மின்னோட்டம் செல்கிறது. அது மூத்தவனை விழித்திருக்கச் செய்கிறது. மூத்தவன் விழித்திருக்கும்போது இளையவனின் பேஸுக்கு வரும் மின்னோட்டத்தைத் தானே எதிர்முனைக்கு இழுத்துக்கொள்கிறான். இளையவனால் வாய் திறக்க இயலாது. நீர்மட்டம் குட்டைத் திருகாணியின் நுனிக்குக் கீழே இறங்கியதும் மூத்தவன் உறங்கிவிடுகிறான். உடனே 22 கிலோ ஓம் வழியாக வரும் மின்னோட்டம் இளையவனைச் சேர, அவன் பஸ்ஸரைக் கூவ வைக்கிறான். 220 கிலோ ஓம் ரெசிஸ்டரின் பணி யாதெனில், திருகாணிகளுக்கிடையே படியும் பனி ஈரம், அழுக்கு போன்றவற்றின் வழியே கசியும் அற்ப மின்னோட்டத்தைக் கண்டு மூத்தவன் ஏமாறாமல் காப்பது.

பற்றவைக்குமுன் ஒரு டம்ளர் நீரில் இரு கம்பிகளையும் விட்டுச் சோதிப்பது நல்லது. சூடான பற்றவைப்புக் கோலைப் பெரியவர்களே கையாள வேண்டும். பற்றாசில் பெரும்பாலும் ஈயம் கலந்திருக்கும். ஆகவே வேலை முடிந்ததும் கைகழுவ வேண்டும். பற்றவைத்த இணைப்பு எதுவும் பறவைகள் அருந்தும் நீரில் படவும் கூடாது. இன்னொன்றையும் வற்புறுத்திச் சொல்கிறேன். பேட்டரிக்குப் பதிலாக, செலவு மிச்சம் என்று எண்ணி வீட்டு மின்சாரத்தில் இயங்கும் அடாப்டரை இதில் இணைக்காதீர்கள். தோட்டம், ஈரம், வெறுங்கால், மலிவான அடாப்டர் ஆகிய நான்கும் ஓரிடத்தில் சேர்வது உயிருக்கு ஆபத்து. 4.5 வோல்ட் பேட்டரியோ பறவைக்கும் நமக்கும் எத்தீங்கும் செய்யாது. நீரில் செல்லும் மின்னோட்டம் ஓர் ஆம்பியரின் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 25 பங்குதான்.

இந்தச் சிறு மின்னோட்டத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. முதலில் நாங்கள் கையிலிருந்த செம்புக் கம்பிகளையே தட்டில் விட்டோம். ஒரு வாரம் சென்று பார்த்தால், நேர்முனைக் கம்பியில் பச்சை நிறத்தில் களிம்பு ஏறியிருந்தது. நம் முன்னோர் பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசிய காரணம் அதே களிம்புதான். மின்னோட்டம் நேர்முனை உலோகத்தை நீரில் கரைக்கிறது. எவ்வளவு கரையும் என்பதைக் கணக்கிடும் விதியை மைக்கேல் ஃபாரடே 1830-களில் கண்டறிந்தார். அதன்படி பார்த்தால், இந்த மின்னோட்டம் நாளொன்றுக்கு முக்கால் மில்லிகிராம் அளவுக்குச் செம்பைக் கரைக்கக்கூடும். நமக்கு அது அற்பம். ஆனால் இருபத்தைந்து கிராம் எடைகூட இல்லாத சிட்டுக்குருவி நாள்தோறும் அருந்தும் நீரல்லவா? ஆகவேதான் எவர்சில்வர். அதில் பற்றாசு எளிதில் பிடிக்காது. கம்பியின் நுனியை இரு மரைகளுக்கிடையே வைத்து இறுக்கிவிட வேண்டும்.

இந்த இடத்தில்தான் தந்தையார் முன்வந்தார். அதுவரை திண்ணையில் அமர்ந்து, எங்கள் பேச்சைக் கேட்காதவர்போல் கேட்டுக்கொண்டிருந்தார். “திருகாணியை இப்படிக் கொடு” என்று வாங்கி, விரலால் மரையைத் தடவிப் பார்த்தார். பேத்தியின் பழைய பிளாஸ்டிக் அடிக்கோல் ஒன்றை எடுத்துவரச் சொல்லி, அதில் 5 சென்டிமீட்டர் இடைவெளியில் இரு துளைகள் போடச் செய்தார். திருகாணிகளைத் தலைகீழாகத் தொங்கும்படி நிறுத்தி, கோலின் மேலும் கீழும் மரையிட்டு இறுக்கினார். மரையைத் திருகித் திருகாணியை ஏற்றலாம், இறக்கலாம். எந்த மட்டத்தில் மணி ஒலிக்க வேண்டும் என்பதை இவ்வாறு நாமே முடிவு செய்யலாம். நீண்ட திருகாணி ஏறத்தாழ அடியைத் தொடும். குட்டையின் நுனியை அடியிலிருந்து 2 சென்டிமீட்டர் உயரத்தில் நிறுத்தினார். “தண்ணீர் தீர்ந்த பிறகு கூப்பிட்டு என்ன பயன்? கொஞ்சம் மீதி இருக்கும்போதே கூப்பிட வேண்டும்” என்றார். நான் எண்ணிப் பாராத ஒன்று அது. பார்வையின்றி, விரல் நுனியால் மட்டும் அவர் செய்த அந்த அடிக்கோல்தான் கருவியிலேயே இன்றுவரை பழுதாகாத பகுதி.

மண் தட்டு வைத்திருப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பூச்சுடைய பீங்கான் அல்லாத வெறும் மண், நீரை உறிஞ்சிக்கொள்ளும். நீர் வற்றிய பின்னும் அதன் சுவர் ஈரமாகவே இருக்கும். ஈர மண்ணில் மின்சாரம் பாயும். குட்டைத் திருகாணி சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தால், தட்டு காய்ந்த பிறகும் கருவி ஊமையாகவே இருக்கும். நீண்டது தொட்டால் கேடில்லை.

பலகையையும் பேட்டரியையும் ஒரு சோப்பு டப்பாவில் அடைத்து மேடையின் கீழே நிழலில் வைத்தோம். பஸ்ஸரை மட்டும் 12 மீட்டர் கம்பியில் இழுத்துவந்து, தந்தையாரின் நாற்காலிக்கு மேலே தாழ்வாரத்தில் மாட்டினோம். மறுநாள் பகல் ஒரு மணியளவில் அது முதன்முறையாகக் கூவியது. வீடே எழுந்து நின்றது. தந்தையார் மட்டும் பதறாமல் செம்பை எடுத்துக்கொண்டு நடந்தார். என் மனைவியும் தடுக்கவில்லை.

உள்மாவட்டங்களில் மே மாதத்தில் திறந்த பாத்திர நீர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 8 முதல் 10 மில்லிமீட்டர் வரை ஆவியாகக்கூடும். எங்கள் தட்டின் அகலத்துக்கு அது ஒரு லிட்டருக்குக் குறையாது. மண்ணின் துளைகள் வழியே கசிந்து ஆவியாவது தனி. எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு குளியலால் நேர்வது. நான்கு தவிட்டுக்குருவிகள் சேர்ந்து இறங்கினால் இரண்டு நிமிடத்தில் பாதித் தட்டு வெளியே. புறாக்கள் கண்ணியமானவை, அலகை நீரில் வைத்தபடியே உறிஞ்சிக் குடித்துவிட்டுப் போய்விடும். காகமோ எங்கிருந்தோ காய்ந்த ரொட்டியையும் எலும்பையும் கொண்டுவந்து நனைத்துத் தின்னும். தட்டை எச்சில் தொட்டியாக்கிவிடும். எனவே சில நாள்களில் இரு முறையும் சில நாள்களில் நான்கு முறையும் மணி ஒலித்தது. முன்பு விரல்விட்டுப் பார்க்க நடந்த நடை அத்தனையும் மிச்சம்.

ஒரு காலை நீர் நிரம்பியிருந்தும் மணி விடாது ஒலித்தது. சென்று பார்த்தால், காகம் ஒன்று குட்டைத் திருகாணியின் கம்பியைப் பிடுங்கிப் போட்டிருந்தது. கூடு கட்டும் காலத்தில் கம்பித் துண்டுகள் அதற்குப் பொக்கிஷம். எனக்கு இது மகிழ்ச்சியே அளித்தது. தட்டிலிருந்து வரும் கம்பி அறுந்தால் மின்னோட்டம் நின்று மூத்தவன் உறங்கிவிடுவான், கருவி கூச்சலிடும். பழுது நேரும்போது ஊமையாகாமல் குரல் எழுப்பும் கருவியே நம்பத்தக்கது என்று மகளிடம் பெருமையாகக் கூறினேன்.

அந்தப் பெருமை நெடுநாள் நிலைக்கவில்லை. அவ்வாண்டு மே மாத இறுதியில் உறவினர் திருமணத்துக்காகக் குடும்பத்துடன் ஐந்து நாள்கள் வெளியூர் சென்றோம். தட்டை விளிம்புவரை நிரப்பிவிட்டுத்தான் சென்றோம். திரும்பிய இரவு வீடு அமைதியாக இருந்தது. மறுநாள் காலையிலும் அமைதி. “மணி அடிக்கவில்லையே, தண்ணீர் இருக்கிறது போலும்” என்று நான் என் அலுவல்களைப் பார்க்கத் தொடங்கினேன். தந்தையார்தான் பதினொரு மணிக்கு எழுந்தார். “குருவிச் சத்தமே இல்லையே அப்பா” என்று என்னிடம் சொல்லிவிட்டு, தடியை எடுத்துக்கொண்டு சென்று, பழைய வழக்கப்படி விரலைத் தட்டில் வைத்தார். மண் ஓடுபோல் சுட்டது. அடியில் வெடித்த சேற்றுப் பொருக்கு. அதன்மேல் ஓர் அணில் குட்டி இறந்து கிடந்தது. தாகத்தால்தான் இறந்தது என்று என்னால் உறுதியாகக் கூற இயலாது. தந்தையார் உறுதியாகவே இருந்தார். அன்று முழுவதும் அவர் என்னிடம் பேசவில்லை. என் கருவியைக் குறைகூறவும் இல்லை. அது இன்னும் கடினமாக இருந்தது.

நடந்தது இதுதான். நாங்கள் சென்ற இரண்டாம் நாளே மணி ஒலிக்கத் தொடங்கியிருக்கிறது. கேட்க ஆளில்லாத வீட்டில் இரவும் பகலும் ஒலித்து, மலிவான பேட்டரிகளை வற்றச் செய்து, தானும் ஓய்ந்திருக்கிறது. “சில்வண்டு என்று நினைத்தேன், தம்பி” என்றார் அடுத்த வீட்டு அம்மையார். நீர் குறைந்தாலும் கம்பி அறுந்தாலும் குரல் கொடுக்கும் கருவி, பேட்டரி தீர்ந்தால் மட்டும் வாய் பேசாது. அந்த மௌனத்தை ‘நீர் இருக்கிறது’ என்னும் செய்தியாக நான் எடுத்துக்கொண்டேன். விரல்விட்டுப் பார்த்தவரை அது ஏமாற்றவில்லை.

அதன்பின் இரண்டு மாற்றங்கள் செய்தோம். மலிவு பேட்டரிகளை நீக்கி ஆல்கலைன் வகையைப் பொருத்தினோம். காவல் நிலையில் இக்கருவி எடுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவாதலால், மணி அளவோடு ஒலிக்கும் வீட்டில் அவை பல மாதங்கள் தாங்கும். தொடர்ந்து ஒலித்தால் சில நாள்கள்தான். அதை எந்தப் பேட்டரியாலும் மாற்ற முடியாது. ஆகவே வெளியூர் செல்லும்போது சுவிட்சை அணைத்துவிட்டு, நீர் ஊற்றும் பொறுப்பை அடுத்த வீட்டு அம்மையாரிடம் ஒப்படைக்கிறோம். மற்றது, நாள்தோறும் காலையில் அடிக்கோலைத் தட்டிலிருந்து தூக்குவது. தூக்கியவுடன் மணி ஒலிக்க வேண்டும். நீரில் வைத்தவுடன் அடங்க வேண்டும். இரண்டும் நடந்தால் பேட்டரி, பஸ்ஸர், கம்பி யாவும் நலம். ஒலிக்காவிட்டால் அன்றே பேட்டரியை மாற்ற வேண்டும். கருவியைச் செய்வோர் எதைத் தவிர்த்தாலும் இந்தச் சோதனையைத் தவிர்க்க வேண்டாம்.

இன்னொரு கடமையும் உண்டு. மணி அதை நினைவூட்டாது. நீர் குறையும்தோறும் மேலே ஊற்றிக்கொண்டே இருந்தால் தட்டு கொசுப்பண்ணையாகிவிடும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு, முட்டையிலிருந்து கொசுவாக நம் கோடையில் ஒரு வாரம் முதல் பத்து நாள்கள் போதும். அதன் முட்டைகள் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே தட்டின் சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகா. எனவே இரண்டு நாள்களுக்கு ஒருமுறை நீரைச் செடிக்குக் கொட்டிவிட்டு, தேங்காய் நாரால் சுவரை அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும். சோப்பு வேண்டாம். அப்போதே திருகாணிகளையும் அடிக்கோலையும் துடைத்துவிட்டால் பாசியும் எச்சமும் சேர்ந்து மின்கசிவு உண்டாக்கா.

எங்கள் வீட்டில் தேய்ப்பது பேத்தி, சோதிப்பது தாத்தா. காலைக் காப்பி முடிந்ததும் அவர் கொல்லைக்குச் சென்று அடிக்கோலைத் தூக்குவார். தாழ்வாரத்திலிருந்து மணியோசை எழும். அவள் உள்ளிருந்து “கேட்டது தாத்தா!” என்று குரல் கொடுப்பாள். அதன் பிறகும் அவர் கோலை நீரில் வைக்குமுன் ஒரு விரலைத் தட்டில் விட்டுப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்.